நூறு டிகிரியில் பத்து நிமிடம்

இன்று என் அடுப்பில் ரொட்டி இல்லை.
பிரியஸ் காரின் இடது கண் ஒன்று
தட்டில் மல்லாந்து கிடக்கிறது.

நூறு டிகிரி, பத்து நிமிடம் என்றான் நுக்சார்.
அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும்.
சீஸ் வாசனை ஏறினால் நான் பொறுப்பில்லை என்றேன்.
வெளியே பத்துமியின் மழை.
இந்த ஊரில் அது விருந்தாளி இல்லை,
வாடகை தராமல் குடியிருப்பது.

கார், சியாலாவுடையது.
மேலே கெதாவில் பிரசவம் பார்க்கிறாள்.
இரவு இரண்டு மணிக்கு அழைப்பார்கள்.
வளைவுக்கு வளைவு ஆறு இருக்கும்,
தடுப்புச் சுவர் இருக்காது.
"வலது விளக்கு சாலையைக் காட்டுகிறது,
இடது விளக்கு தன்னையே காட்டிக்கொள்கிறது"
என்று சொல்லிச் சாவியை வைத்துப் போனாள்.

மூன்று முறை காயவைத்தாயிற்றாம்.
முடி உலர்த்தியால் ஒருமுறை.
புதுச் செருப்புப் பெட்டியில் வருமே,
தின்னாதே என்று எழுதிய பொட்டலம்,
அதை உள்ளே போட்டு ஒருமுறை.
பிறகு அவள் தம்பி கோச்சா
ஒரு முழு சிலிகான் குழாயைப் பிதுக்கி
சந்து பொந்தெல்லாம் அப்பினான்.
நான்காம் நாள் விடியலில் உள்ளே பனி.
அடுத்த வாரம் ஒரு விரற்கடைத் தண்ணீர்;
கார் திரும்பும் பக்கமெல்லாம்
அதுவும் திரும்பியது.

மணி அடித்தது.
என் கையுறை இரண்டையும் பறித்துக்கொண்டான்.
திருப்புளியை விளிம்பில் நுழைத்து நெம்ப,
கறுப்புப் பசை
சூட்டோடு பிய்த்த கச்சாபுரிபோல்
நூல் நூலாய் இழுபட்டது.
மூடி கழன்றது.

உள்ளே ஒரு பழுப்புக் கோடு.
மட்டம் பிசகாத கோடு.
மேலே தெளிவு, கீழே வண்டல்,
வண்டலில் ஒட்டிய ஒரு விதை.
எங்கள் மழை மேலிருந்து விழும்,
கோடு போடாது.

கப்பலில் வந்த கார் இது,
கடலுக்கு அப்பால் ஏதோ ஏலத்தில் எடுத்தது.
காகிதத்தில் 'சிறு சேதம்' என்றிருந்ததாம்.
விளக்கை அதன் குழியில் பொருத்திப் பார்த்து
பக்கத்தில் போய் நின்றேன்.
கோடு என் தொடைக்கு வந்தது.
எவருடைய வாசலிலோ
இந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது.
எத்தனை நாள்? நாய் இருந்ததா அவர்களுக்கு?

கேட்டிருப்பேன்.
அதற்குள் நுக்சார் துணியை நனைத்து
ஒரே இழுப்பில் துடைத்துவிட்டான்.
விதையை மட்டும் உப்பு ஜாடியின் மூடியில் வைத்தேன்.

"இதைப் பார்" என்றான்.
பின்பக்கம் ரப்பரில் ஒரு சின்ன மூக்கு.
அது நிறைய கோச்சாவின் சிலிகான்.
விளக்கு எரிந்தால் சூட்டில் மூச்சு விடும்,
அணைந்தால் குளிர்ந்து இழுக்கும்.
மூக்கை அடைத்தால் விரிசல் வழியே இழுக்கும்,
இழுப்பதோ இந்த ஊர்க் காற்று.
"தண்ணீர் வராமல் அடைத்தான் மடையன்.
போகிற வழியைத்தான் அடைத்தான்."

மூக்கைக் குடைந்து எடுத்தான்.
புதுப் பசை, கவ்விகள், மறுபடி பத்து நிமிடம்.
குளியல் தொட்டியில் அமுக்கி
மூக்கில் கட்டைவிரலை வைத்துக் காத்திருந்தான்.
ஒரு குமிழிகூட வரவில்லை.
சியாலா பணம் பாதி தந்தாள்,
பாதிக்கு ஒரு பை ஹேசல் கொட்டை.

அன்றிரவே இரண்டேகாலுக்குப் போன்.
"மூலையில் மறுபடி பனி, நுக்சார்!"
"எரியவிட்டு ஓட்டு. பத்து நிமிடம் பார்."
போனை இருவருக்கும் நடுவே
தலையணையில் வைத்தோம்.
வைப்பர் சத்தம். கியர் சத்தம்.
மலை குறுக்கிட்டபோது ஒன்றுமில்லை.
பிறகு, "சுருங்குகிறது" என்றாள்.
பிறகு, "காசளவு."
அப்புறம் எங்களை மறந்துவிட்டாள்.
கதவு சாத்துகிற சத்தம்,
யாரோ பெண் கத்துகிற சத்தம்.
நுக்சார் கை நீட்டித் துண்டித்தான்.

காலை ரொட்டியில் ரப்பர் வாசனை.
இல்லவே இல்லை என்கிறான்.
மூன்று தின்றான்.
மூன்றாவதை மட்டும்
கொஞ்சம் மெதுவாக மென்றான்.